விசில் அடித்த வீணை

செப்டம்பர் மாதத்து மதியத்தில் டெக்சாஸ் சாலையோரம் ஒருவன் நடந்து போனால், பார்க்கிறவர்களுக்கு இரண்டு எண்ணம்தான் வரும். கார் கெட்டுப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி கெட்டுப் போயிருக்க வேண்டும். காப்பெல் பள்ளிக்கூட அரங்கத்தின் பின்கதவு வழியாக வெளியே வந்து நான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் ஹெட்போன், சால்டரிங் அயர்ன், ஒரு சுருள் வயர், தொடாத தயிர்சாத டப்பா. நடைபாதை கொஞ்ச தூரம் கூடவே வந்து, ஒரு வங்கிக்கு முன்னால் காரணம் சொல்லாமல் புல்லுக்குள் முடிந்துபோனது. நான் புல்லில் நடந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "ஆர் யூ ஓகே, சார்?" என்றாள். ஓகே என்றேன். அரைமணி முன்புதான் வேலை போனது என்பதை அந்த வெயிலில் நின்று விளக்குவதற்கு என் ஆங்கிலம் போதாது.

அதற்கு முன்பும் எனக்குப் பல வேலைகள் போயிருக்கின்றன. சிலவற்றை நானே விட்டிருக்கிறேன். ஆனால் வேலையைச் சரியாகச் செய்து முடித்ததற்காகப் போனது அது ஒன்றுதான்.

இப்போது இதை எழுதக் காரணம் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள். இந்த வருஷம் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்கள். மைக் கத்தத் தொடங்குவதற்கு முன்பே அது தானாகக் கண்டுபிடித்து அடக்கிவிடுமாம். அதைப் பெருமையாக எனக்குக் காட்டிவிட்டு ஒருவர், "இதெல்லாம் இல்லாம எப்படி அங்கிள் மேனேஜ் பண்ணீங்க? சங்கத்து ஆண்டு மலருக்கு இன்ஸ்பைரிங்கா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றார். இன்ஸ்பைரிங்காக என்னிடம் ஒன்றுமில்லை. நடந்தது இருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தாராபுரத்தில் ஒரு மைக்செட் கடையில் சேர்ந்து, புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கீழே விழுந்து, மறுபடி ஏறிக் கட்டினேன். பிறகு ஷார்ஜாவில் பரோட்டா போட்டேன். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா எனக்காகக் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டாள். அது பலித்து நான் வந்து இறங்கியபோது என் தலையும் நரைத்திருந்தது, அக்காவின் பாசமும் வெளுத்திருந்தது. அவள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு குளிர்காலம் படுத்துக்கொண்டு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அடுத்த குளிர்காலம் ஓட்டலிலேயே படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் பயிற்சிக் காலம்.

விசில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து, பெரிதாகி, ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் நுழையும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் காதைக் கிழிக்கும் ஒற்றைச் சத்தமாக நிற்கும். தான் சொன்னதைத் தானே கேட்டு, அதையே இன்னும் பலமாகச் சொல்வது. எந்தச் சங்கத்துப் பொதுக்குழுவுக்குப் போனாலும் மைக் இல்லாமலே இதைக் கேட்கலாம்.

நியூ ஜெர்சியில் ஒரு பஜனை மண்டபத்தில்தான் எனக்கு முதலில் பெயர் வந்தது. புதிதாக வாங்கிய மைக்குகளெல்லாம் திடீரென்று கத்த ஆரம்பித்தன. ஆம்பிளிஃபயரை மாற்றினார்கள், ஸ்பீக்கரை மாற்றினார்கள். ஓட்டலிலிருந்து பிரசாதம் கொண்டுபோன நான் மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு யாரோ பக்தி முற்றி, ஒவ்வொரு மைக்கின் கழுத்திலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடுவதற்காக மைக்கின் கழுத்தில் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு. அவற்றை அடைத்துவிட்டால் அது எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு கத்தும். ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தேன், விசில் நின்றது. தெய்வக் குற்றம் ஆகுமா என்று ஒருவர் குருக்களிடம் போய்க் கேட்டார். குருக்கள் தப்பித்தால் போதுமென்று, "ஸ்பீக்கருக்கு வெச்சா போதும்" என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து சான் ஹோசே போனேன். ஒரு வீட்டுக் கச்சேரியில், ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு லேப்டாப்பில் ஒரே வீடியோ காலைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லா லேப்டாப்பும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிட, "யூ ஆர் நாட் ஆன் மியூட்" என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்கள். அத்தனை பேருக்கும் சம்பளம் தருவது இந்த மாதிரிக் கருவிகளைச் செய்யும் கம்பெனிகள்தான். நான் போய் லேப்டாப்களை மூடினேன். பாயசம் கொடுத்தார்கள். அந்த ஊர் வாடகைக்குப் பாயசம் போதாது. டெக்சாஸுக்கு பஸ் ஏறினேன்.

ரிச்சர்ட்சனில் யோசேப்பண்ணை என்பவர் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பார், மற்ற நாட்களில் இந்துக் கோயில், கல்யாணம், அரங்கேற்றம் என்று எங்கும் பெட்டிகளை இறக்குவார். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் டாலஸ் முழுக்க அவர் அண்ணைதான், எனக்கும் அண்ணைதான். அவரிடம் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் நின்றது எனக்கே ஆச்சரியம்.

விசில் வந்தால் அவர் ஓடமாட்டார். மற்றவர்கள் ஓடி ஓடி எதையாவது திருகுவார்கள். அவர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக்கொண்டு, "ஆரும் ஒண்டையும் தொடாதேங்கோ. முதல்ல கேப்பம்" என்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு குழந்தை விளையாடும் கீபோர்டை எடுப்பார். கராஜ் சேலில் வாங்கியது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மிருகம் இருக்கும். விசில் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று அதில் தட்டிப் பார்த்து, "இது வாத்து" என்பார், "இண்டைக்குக் குரங்கு" என்பார். நான் அந்தச் சுரத்தை மட்டும் ஈக்வலைசரில் குறைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மைக்குகளை ஒவ்வொன்றாக மூடவேண்டும், கடைசியாக யார் வந்து உட்கார்ந்தாரோ அவருடையதை முதலில். அதற்கும் அடங்காவிட்டால் அவரது கடைசி விதி.

"சாமானைக் கழட்ட முந்தி ஆக்களிட்டக் கேளும், முருகேசு. ஆர் கடைசியாத் தொட்டது, எங்க கொண்டு போனது, விழுந்ததோ, நனைஞ்சதோ. கேட்டிட்டுக் கழட்டும்."

இதுதான் அவருடைய விதிகளிலேயே கடினமானது. சாமான்கள் பேசாது. ஆட்கள் பேசுவார்கள், நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

காப்பெல் கதைக்கு வருகிறேன். சங்கத்தின் இசை விழாவுக்கு முந்தைய நாள், பள்ளிக்கூட அரங்கத்தில் ஒத்திகை. சங்கச் செயலாளர் செந்தில். பெரிய கம்பெனியில் டைரக்டர். அவர் மனைவி வித்யா. மகள் நிலா, உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற பெண். அவளுடைய எலக்ட்ரிக் வீணைதான் விழாவின் முக்கிய நிகழ்ச்சி. டிரம்ஸ், கிடார், மிருதங்கம் எல்லாம் அவளுக்குப் பின்னால். வித்யா தஞ்சாவூர் வரை போய்ச் செய்யச் சொல்லி, விமானத்தில் தனி இருக்கை போட்டுக் கொண்டுவந்த வீணை அது. தந்திகளுக்கு அடியில் சின்ன காந்தப் பிக்கப் ஒன்று பதித்திருந்தது. தந்தி அதிர்வதை அது மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

காலையில் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கும்போதே யோசேப்பண்ணை சொல்லிவிட்டார். "நாளைக்கு நல்லபடியா முடிஞ்சா வருசம் முழுக்கச் சங்கத்தின்ர வேலை எங்களுக்கு. செந்தில்தான் கையெழுத்து வைக்கிறவர். சொதப்பினா ஹூஸ்டன்காரனுக்குப் போகும். போச்செண்டா, முருகேசு, உம்மை வச்சிருக்க என்னட்ட வழியில்லை."

மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஒத்திகை தொடங்கியது. மிருதங்கக்காரர் வழக்கம்போல, "எனக்கு மானிட்டர்ல இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றார். மானிட்டர் என்பது வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்பதற்காக அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர். அவருக்குக் கொடுத்ததும் கிடார்காரர் கேட்டார். அவருக்குக் கொடுத்ததும் நிலாவுக்குக் கேட்கவில்லை. நம் கலைஞர்களில் மானிட்டர் சத்தம் போதும் என்று சொன்னவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நிலாவின் வீணையைக் கொஞ்சம் ஏற்றினேன். கீச்சென்று ஒரு விசில் வந்தது பாருங்கள், முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அங்கிள், இட்ஸ் நாட் மீ!" என்று நிலா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

யோசேப்பண்ணை கீபோர்டை எடுத்தார். கடைசிக் கட்டையான யானையையும் தாண்டி மேலே நின்றது விசில். "இதில இல்லாத மிருகம்" என்று பையில் போட்டுக்கொண்டார். நான் காதை வைத்துத் தேடி, அந்தச் சுரத்தைக் குறைத்தேன். விசில் பக்கத்துச் சுரத்துக்கு மாறி நின்றது. அதையும் குறைத்தேன், இன்னொன்றுக்குப் போனது. துரத்தித் துரத்திக் குறைத்ததில் விசில் போய்விட்டது. வீணையும் போய்விட்டது. நிலா வாசித்தால் அண்டாவைத் தட்டியதுபோல இருந்தது. குறைத்ததையெல்லாம் பழையபடி ஏற்றினேன், விசிலும் திரும்பி வந்தது.

அதற்குள் மேடையில் கமிட்டி கூடிவிட்டது. அத்தனை பேரும் என்ஜினீயர்கள்.

"கிரவுண்ட் லூப்பா இருக்கும்."

"கிரவுண்ட் லூப்னா உம்முனு வரும் பாஸ், இது கீச்சுனு வருது. இன்டர்ஃபியரன்ஸ். வெளியில செல் டவர் பாத்தீங்களா?"

"எல்லாரும் ஃபோன ஏர்பிளேன் மோட்ல போடுங்கப்பா."

"ஏஐ-கிட்ட கேட்டேன். கேபிள், ப்ரீஆம்ப், ரூம் அக்கவுஸ்டிக்ஸ், மனுஷத் தவறு, இதுல ஏதோ ஒண்ணாம்."

கடைசியாகச் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், எல்லாவற்றையும் ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமே என்றார். சம்பளம் அதிகமாக வாங்குகிறவர் போலிருக்கிறது, உடனே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். விசில் புதுத் தெம்போடு வந்தது.

நான் என் வழியில் போனேன். கேபிளை மாற்றினேன், நிற்கவில்லை. தந்திகள் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். தந்தி ஊமையானது, விசில் ஊமையாகவில்லை. ஆகவே தந்தியிலிருந்து வரவில்லை. வீணையில் இருக்கும் சத்தக் குமிழைத் திருகிக் குறைத்தேன், நின்றது. ஆகவே வீணைக்குள்ளிருந்துதான் வருகிறது. அதுவரை என் புத்தி ஒழுங்காகத்தான் போனது. அப்போது பிக்கப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன். நியூ ஜெர்சிச் சந்தனம் உடனே என் தலைக்கு ஏறிவிட்டது. பூஜையில் எதையோ வைத்திருக்கிறார்கள், நம்மிடமேவா என்று சிரித்துக்கொண்டு, துணியில் எண்ணெய் தொட்டு அந்தக் கோட்டைப் பளிச்சென்று துடைத்தேன். உள்ளே என்ன நடந்தது என்று சொல்வதற்கு வெளியே இருந்த ஒரே அடையாளம் அதுதான். கமிட்டி செய்த தவறுகள் எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஈடாகாது.

விசில் நிற்கவில்லை. கடைசி விதிக்கு வந்தோம். யோசேப்பண்ணை குடும்பத்தைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த வீணைக்குக் கிட்டடியில ஏதும் நடந்ததோ? விழுந்ததோ?"

"ஐயோ, விழறதா? குழந்தை மாதிரி வெச்சிருக்கோம் அண்ணா" என்றார் வித்யா. "டீச்சர் வீடு, விட்டா எங்க வீடு. நடுவுல நாலு வாரம் டீச்சர் வீட்லயே இருந்துச்சு."

"ஸ்பீக்கர்ல போட்டு வாசிச்சது எப்ப கடைசியா?"

"மே மாசம், அன்னையர் தினத்துக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. வீட்ல சும்மாதான் வாசிப்பா, கனெக்ட் பண்றதில்ல."

"செந்தில், நீர் என்ன சொல்லுறீர்?"

"ஒண்ணுமே ஆகலண்ணா. ஏசி ரூம்ல இருந்துச்சு" என்றார் செந்தில். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு முந்நூறு பேர் வர்றாங்க. உங்க எக்விப்மென்ட் பழசோ?" என்றார்.

யோசேப்பண்ணை பிளாஸ்கை மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையில் சொன்ன மழை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டு நேரம். வாசிப்பவர்கள் புளியோதரைக்குப் போனார்கள். வித்யாவும் சில பெண்களும் மேடைக்குக் கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைகளில் ஆட்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மானிட்டரை அணைத்துவிட்டேன். அது இல்லையென்றால் விசில் வருவதில்லை. கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வீணையை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். உள்ளே எங்காவது பற்றவைப்பு விட்டிருந்தால் கரகரப்புக் கேட்கும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீணைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் குனிந்திருந்தேன்.

செந்தில் மேடைக்கு வந்தார். வயரைப் பார்ப்பதுபோல எனக்கு எதிரே உட்கார்ந்து, வீணை மேல் நன்றாகக் குனிந்துகொண்டார்.

"அண்ணா, ஒரு சின்ன விஷயம். நமக்குள்ள இருக்கட்டும்."

அவர் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஒன்று எதிரிலிருந்து, இன்னொன்று ஹெட்போனுக்குள்ளிருந்து.

"சொல்லுங்க சார்."

"ஜூலைல ஒரு சனிக்கிழமை, டீச்சர் வீட்லேர்ந்து இத எடுத்துட்டு வர்ற வழில கிரவுண்டுக்குப் போயிட்டேன். லீக் மேட்ச். செமி ஃபைனல். இது கார் ட்ரங்க்ல இருந்துச்சு."

மேடையின் மேல் நிற்பவனுக்குத் தன் குரல் கூட்டத்தின் பக்கம் போவது சட்டென்று உறைக்காது. ஏசி இரைச்சல் வேறு. நான் கையை நீட்டி நிறுத்தியிருக்கலாம். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த காரணம் தானாக வந்து எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து பேசும்போது யார் நிறுத்துவார்கள்?

"திரும்பி வந்து பாத்தா, மெழுகெல்லாம் இளகி, அதுல பதிச்ச பித்தளை மெட்டெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. வித்யாக்குத் தெரியாது. ஆபீஸ்ல புரொடக்ஷன் இஷ்யூன்னு சொல்லிருந்தேன். கச்சேரி டூர்ல ஒரு வீணை செய்யறவர் வந்திருந்தார். அவரைப் பிடிச்சு, டீச்சர் கால்லயும் விழுந்து, அவங்க வீட்லயே வெச்சு, மறுபடி மெழுகு போட்டு எல்லா மெட்டையும் பதிச்சாச்சு. அதுக்கும் இந்த விசிலுக்கும் சம்பந்தம் இருக்காதுல்ல?"

"ட்ரங்க்ல எவ்வளவு நேரம்ங்க இருந்தது?"

"மேட்ச் முழுக்க. ஃபீல்டிங்தான் ரொம்ப நேரம். பேட்டிங்ல ரெண்டாவது பால்லயே அவுட் ஆயிட்டேன்."

அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து நிலாவின் குரல் வந்தது. "டாட், வீ கேன் ஹியர் யூ."

செந்தில் நிமிர்ந்து பார்த்தார். தோரணம் கட்டியவர்கள் ஏணியிலேயே நின்றார்கள். யாரோ ஒருவர் புளியோதரைத் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார். கோலம் போட்ட பெண்கள் எல்லோரும் வித்யாவைப் பார்த்தார்கள். வித்யா கையிலிருந்த கோலப்பொடியை ஒழுங்காக டப்பாவில் போட்டு மூடிவிட்டு மேடைக்கு ஏறி வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"மைக் எங்கண்ணா இருக்கு?"

"மைக் இல்லீங்க. வீணையேதான் மைக்."

"எப்பலேர்ந்து?"

"ஜூலையில இருந்துங்க."

அவர் தலையசைத்தார். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார். "செமி ஃபைனல் ஜெயிச்சீங்களா?"

"இல்ல வித்யா."

"அதானே."

விஷயம் இவ்வளவுதான். பிக்கப்புக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அந்தச் சுற்றுகள் ஆடாமல் இருக்க உள்ளே மெழுகு ஊற்றியிருப்பார்கள். டெக்சாஸ் ஜூலையில் மூடிய கார் ட்ரங்க் ஒரு ரொட்டி அடுப்பு. மெட்டுகளைப் பிடித்திருந்த கறுப்பு மெழுகு இளகியபோது பிக்கப்புக்குள் இருந்த மெழுகும் இளகி ஓரமாக வழிந்துவிட்டது. நான் துடைத்தேனே, அதுதான். பிடிமானம் போன கம்பிச் சுற்றுகள் எந்தச் சத்தம் பட்டாலும் ஆடும். தந்தியை மட்டும் கேட்க வேண்டிய பிக்கப் காற்றையும் கேட்கத் தொடங்கும். மானிட்டர் சத்தம் பட்டால் விசில். வாயை வைத்துப் பேசினால் பேச்சு. வீணைக்கு மெட்டு மெழுகில் நிற்கிறது, வெயிலில் வைக்கக் கூடாது என்று வீணை வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். செந்திலுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த மெழுகைச் சரிசெய்து மறைத்தார். கண்ணுக்குத் தெரியாத மெழுகு அவரைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் அன்று யாருக்கும் இந்த விளக்கம் தேவைப்படவில்லை. செந்தில் அடித்தொண்டையில் பேசினார். "ஒரு பர்சனல் கான்வர்சேஷன ஸ்பீக்கர்ல போட்டிருக்காரு! பிரைவசின்னு ஒண்ணு இல்லையா? நாளைக்கு இவர் இங்க இருக்கக் கூடாது." ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதைத் தவிர எதிலும் ஒத்துப்போகாத கமிட்டி, அதில் ஒத்துப்போனது. வீணைக்குள் விசில் எங்கிருந்து வருகிறது என்று இருபது கருத்து சொன்னவர்கள், குற்றம் என்னுடையது என்பதில் ஒரே கருத்தாக இருந்தார்கள்.

யோசேப்பண்ணை என்னைப் பின்கதவு வரை கூட்டிப்போனார்.

"காரணம் கிடைச்சிருச்சே அண்ணை" என்றேன்.

"காரணத்தை ஆர் கேட்டது? எனக்கு அந்தக் கையெழுத்து வேணும்." கதவைத் திறந்து பிடித்தார். "விசிலை விட்டிருந்தாலும் சமாளிச்சிருப்பன், முருகேசு. நீர் மனுசனைப் பேச விட்டிட்டீர்."

"ஆக்களிட்டக் கேளும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெல்லமாக் கேளும் எண்டு சொல்ல மறந்து போனன்" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். என்னை வேனில் கொண்டுவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒத்திகை பாதியில் நின்றது. நானும் கேட்கவில்லை.

அப்படித்தான் அந்தப் புல்லில் நடந்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளைக்கார அம்மாள் போய்க் கொஞ்ச நேரத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. வித்யா. பக்கத்து இருக்கையில் நிலா. பின் இருக்கையில், சீட் பெல்ட் போட்டு, வீணை. ஏசி முழு வேகத்தில் வீணையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உள்ள போன மெழுக மறுபடி ஊத்த முடியுமா?"

"முடியும்ங்க. பிக்கப்பக் கழட்டி மெழுகுல முக்கணும்."

"நீங்க பண்ணிருக்கீங்களா?"

"கிடார்ல ரெண்டு மூணு பண்ணிருக்கேன். கெட்டுப் போகவும் வாய்ப்பிருக்கு."

"இப்ப மட்டும் என்ன வாழுது" என்றார் வித்யா. "கச்சேரி நாலு மணிக்கு. காலைல வீட்டுக்கு வர முடியுமா?"

"சாருக்கு…"

"சார் வீட்லதான் இருப்பாரு. நாளைக்கு மேட்ச் எதுவும் இல்ல."

நிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மறுநாள் மாலை விசில் இல்லாமல் கச்சேரி நடந்தது. யோசேப்பண்ணைக்குக் கையெழுத்து கிடைத்தது. நன்றியுரையில் ஒலி அமைப்பைப் புகழ்ந்து அவர் பெயரைச் சொன்னார்கள், அவரும் எழுந்து கும்பிட்டார். எனக்கு வருத்தமில்லை. அந்த வாரமே ட்ரங்கில் வேகவைத்த வயலின் ஒன்று என்னைத் தேடி வந்தது. பிறகு கிடார், மாண்டலின், இன்னும் இரண்டு வீணை. ஒவ்வொன்றையும் கொண்டுவந்தவர்கள் கணவர்கள், வந்ததும் முதலில் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். அதன்பிறகு நான் வேறு யாரிடமும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. ஆனால் சொல்ல வந்தது அந்த முதல் வேலையை.

காலையில் போனபோது வித்யா கைவினைக் கடையிலிருந்து மெழுகும், உழவர் சந்தையிலிருந்து தேன்மெழுகும் வாங்கி வைத்திருந்தார். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, அதில் மெழுகை உருக்கினேன்.

"இந்தப் பானைல இனிமே இட்லி சுட முடியாதுங்க" என்றேன்.

"பரவால்ல. அவருக்கு உப்புமா போதும்."

செந்தில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகில் நின்றார். எத்தனை டிகிரி என்று கேட்டால் மட்டும் பேசினார். பிக்கப்பை நூலில் கட்டி உருகிய மெழுகில் இறக்கினேன். சுற்றுகளுக்கு நடுவே இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழாக வந்துகொண்டே இருந்தது. குமிழ் நின்றதும் எடுத்து, ஆறவைத்து, வழிந்ததைத் துடைத்து, மறுபடி வீணையில் பற்றவைத்தேன். ஹாலில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, வயரை இழுத்துக்கொண்டுபோய் வீணையை உள்ளறையில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். வித்யாவை ஹாலில் ஸ்பீக்கரின் முன்னால் உட்காரச் சொன்னேன்.

செந்தில் என்னோடு உள்ளே இருந்தார். சத்தத்தை நேற்று வைத்த அதே அளவுக்கு ஏற்றினேன்.

"சார், சோதிச்சுப் பாக்கணும். நேத்து மாதிரியே குனிஞ்சு பேசுங்க."

"என்ன பேசறது?"

"நேத்து பேசினதையே பேசுங்க. அப்பதான் ஒத்துப் பாக்க முடியும்."

அவர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் வீணை மேல் குனிந்தார். ஜூலை சனிக்கிழமை, லீக் மேட்ச், கார் ட்ரங்க், புரொடக்ஷன் இஷ்யூ, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். இரண்டாவது பந்தையும் விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதுங்களா?" என்று நான் கதவைத் திறந்து கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலண்ணா" என்றார் வித்யா. கையைக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கரைப் பார்த்தபடி சௌகரியமாகச் சாய்ந்திருந்தார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. சத்தமா."